சதுரமும் கட்டும்: மதுரை நாட்டில் பலகோணங்களின் வரலாறு

நேர்கோட்டுத் துண்டுகளால் மட்டுமே அடைபட்ட தள உருவத்தைப் பலகோணம் என்று சொல்லி, அதன் பக்கங்களை எண்ணி முக்கோணம், நாற்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனப் பெயர் சூட்டுவது இன்றைய பள்ளிக் கணக்கின் வழக்கம். இந்த வகைப்பாடு எளிமையானது. ஆயினும் மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் பலகோணங்களோடு நாள்தோறும் பழகிய இரு தொழில்கள் இந்த எண்ணிக்கையை முதன்மையாகக் கொள்ளவில்லை. கல்தச்சருக்கு ஓர் உருவத்திலிருந்து அடுத்த உருவத்தை எவ்வாறு பெறுவது என்பது கேள்வியாக இருந்தது. நிலம் அளந்தவருக்குத் தம் முன் கிடக்கும் கோணல்மாணலான உருவத்தை எவ்வாறு பிரிப்பது என்பது கேள்வியாக இருந்தது. முதலாமவர் சதுரத்தில் தொடங்கினார், இரண்டாமவர் முக்கோணத்தில் போய் முடித்தார். இவ்விரு மரபுகளும் விட்டுச்சென்ற சான்றுகள் மதுரைக்கு அருகிலேயே, ஒரே நாளில் சென்று பார்த்துவிடக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

கல்தச்சர் மரபின் பழைய சான்றுகள் பாண்டியர் குடைவரைகளில் கிடைக்கின்றன. மதுரைக்கு வடகிழக்கே உள்ள ஆனைமலையில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவித்த கோயில், கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770 என்று ஆண்டு குறிக்கும் கல்வெட்டைக் கொண்டது. பணி முழுமை பெறுமுன் அவர் இறந்துவிட, அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து அதை நிறைவேற்றினார். நகருக்குத் தென்மேற்கே உள்ள திருப்பரங்குன்றத்துக் குடைவரையின் கல்வெட்டு மூன்று ஆண்டுகள் பிந்தியது. இக்குடைவரைகளிலும் அரிட்டாபட்டி போன்ற சுற்றுவட்டாரக் குடைவரைகளிலும் பொதுவாகக் காணப்படும் தூண், அடியிலும் தலையிலும் நாற்புறமும் சமமான கனத்த பகுதியையும், நடுவில் மூலைகள் சீவப்பட்டு எட்டு முகங்களாக மாறிய பகுதியையும் உடையது. முன்னதற்குச் சதுரம் என்றும் பின்னதற்குக் கட்டு என்றும் பெயர். கட்டின் ஒவ்வொரு முகமும் பட்டை எனப்படும். எட்டு முகமுடையது எண்பட்டை அல்லது எட்டுப்பட்டை, பதினாறு முகமுடையது பதினாறு பட்டை.

சதுரத்தின் நான்கு மூலைகளையும் சீவினால் எண்கோணம் வரும் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு சீவ வேண்டும் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. மூலையை 45 பாகைச் சாய்வில் எவ்வளவு வெட்டினாலும் கிடைக்கும் எட்டுக் கோணங்களும் 135 பாகையாகவே அமைந்துவிடும்; சிறிது வெட்டினாலும் பெரிது வெட்டினாலும் கோணங்களில் வேறுபாடு தோன்றாது. பக்கங்களோ அப்படியல்ல. குறைவாக வெட்டினால் பழைய சதுரத்தின் எச்சமான நான்கு முகங்கள் அகன்றும் புதிய நான்கு முகங்கள் குறுகியும் நிற்கும். மிகுதியாக வெட்டினால் இது தலைகீழாகும். ஒரே ஒரு வெட்டளவில் மட்டுமே எட்டுப் பக்கங்களும் சமமாகி, கோணங்களும் பக்கங்களும் ஒருங்கே சமமான ஒழுங்கு எண்கோணம் கிடைக்கிறது. கோணங்கள் சமமாக இருப்பது ஒன்று, பக்கங்கள் சமமாக இருப்பது வேறொன்று, இரண்டும் கூடினால்தான் ஒழுங்குப் பலகோணம் என்று பாடநூல் வரையறுப்பதன் பொருள், ஒரு தூணின் கட்டைப் பார்க்கும்போது விளங்குவதுபோல் வேறெங்கும் எளிதில் விளங்குவதில்லை.

அந்த ஒரே அளவைக் கண்டடைய, இலிங்கம் செய்வதற்காகச் சிற்பநூல்களும் ஆகமங்களும் தரும் வழிகளுள் ஒன்று, சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதியை அளவாகக் கொள்வது. எதிர்மூலைகளை இணைக்கும் கோடே மூலைவிட்டம். அதில் பாதியை எடுத்து ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கங்களின் மீதும் அளந்து புள்ளியிட்டால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்தால் வருவது துல்லியமான ஒழுங்கு எண்கோணம். ஒரு முழத்துக்கு 24 விரல் என்ற பழைய அளவில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அழகான விடை ஒன்று வருகிறது. பக்கம் 24 விரலானால் மூலைவிட்டத்தின் பாதி ஏறத்தாழ 17 விரல். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 7, 10, 7 விரல் என்று மூன்றாகப் பிரிகிறது. நடுவிலுள்ள 10 விரல் பழைய முகம். மூலையில் 7 விரலும் 7 விரலுமாக வெட்டியபின் தோன்றும் சாய்ந்த முகம் 9.9 விரல். இரண்டுக்குமான வேறுபாடு ஒரு விரலில் பத்தில் ஒரு பங்குதான். உளியின் தடிப்பே அதைவிடப் பெரிது. வர்க்கமூலம் காணும் கணக்கு எதுவும் இன்றி, கயிறும் கோலும் கொண்டே இதைச் செய்ய முடிந்தது என்பதுதான் இம்முறையின் சிறப்பு.

எண்கோணத்தின் மூலைகளை மீண்டும் சீவினால் பதினாறு பட்டை, அதையும் சீவினால் முப்பத்திரண்டு, பிறகு வட்டம். இந்த வரிசையை ஒரே கல்லில் காண்பதற்குச் சிவலிங்கத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆகம முறைப்படி அமைந்த இலிங்கத்தில் தரைக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி சதுரமாகவும், ஆவுடைக்குள் அமையும் நடுப்பகுதி எண்பட்டையாகவும், வெளியே தெரியும் மேற்பகுதி உருளையாகவும் இருக்கும். இவற்றை முறையே பிரம்ம பாகம், விஷ்ணு பாகம், ருத்ர பாகம் என்பர். தூண்களுக்கும் இதே பெயர்முறை நீண்டது. மானசாரம் என்னும் சிற்பநூல் சதுரத் தூணைப் பிரம்மகாந்தம் என்றும், எண்பட்டைத் தூணை விஷ்ணுகாந்தம் என்றும், பதினாறு பட்டையோ வட்டமோ ஆன தூணை ருத்ரகாந்தம் என்றும், ஐம்பட்டைத் தூணைச் சிவகாந்தம் என்றும், அறுபட்டைத் தூணை ஸ்கந்தகாந்தம் என்றும் வகுக்கிறது.

இந்தப் பட்டியலில் கூர்ந்து நோக்கத்தக்கது, பதினாறு பட்டையும் வட்டமும் ஒரே வகைக்குள் வைக்கப்பட்டிருப்பது. பக்கங்களை எண்ணும் பாடநூலுக்கு இது பிழையாகத் தோன்றும். ஏனெனில் வட்டத்துக்குப் பக்கமே இல்லை. ஆனால் வெட்டி நீக்கப்படும் கல்லை வைத்துப் பார்த்தால் இவ்வகைப்பாட்டின் நியாயம் தெளிவாகும். சதுரக் கல்லின் குறுக்குவெட்டுப் பரப்பை 100 என்று கொண்டால், எண்பட்டையாக்கியபின் எஞ்சுவது ஏறத்தாழ 83. பதினாறு பட்டையாக்கியபின் எஞ்சுவது 79.6; முழு வட்டமாக்கியபின் எஞ்சுவது 78.5. சதுரத்திலிருந்து எண்கோணத்துக்குப் போகும்போது பதினேழு பங்கு கல் உதிர்கிறது, பதினாறிலிருந்து வட்டத்துக்குப் போகும்போது ஒரு பங்கே உதிர்கிறது. உளி பிடித்தவருக்குப் பதினாறு பட்டை என்பது வட்டத்தின் வாசற்படிதான். அவர்களுடைய வகைப்பாடு உழைப்பின் அளவையும் உருவத்தின் நெருக்கத்தையும் கருதியது என்று கொள்வதே பொருத்தமாக இருக்கும்.

ஐம்பட்டையும் அறுபட்டையும் நூலில் பெயர் பெற்றிருந்தும் மதுரை வட்டாரத் தூண்களில் எண்பட்டையும் பதினாறு பட்டையுமே பெருவழக்காக இருப்பதற்கும் இதே கணக்கு விடை தருகிறது. முருகனுக்குரிய திருப்பரங்குன்றத்திலேயே கட்டு என்பது எண்பட்டைக் கட்டுதான். ஒரு சதுரக் கல்லிலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய ஒழுங்கு அறுகோணம் அக்கல்லின் பரப்பில் 70 விழுக்காட்டைத் தாண்டாது. அதையும் கல்லின் முகங்களுக்குச் சாய்வாகத் திருப்பி வரைந்தால்தான் பெற முடியும். நான்கை இரட்டித்தால் எட்டும் பதினாறும் வரும். ஆறும் ஐந்தும் அந்த வரிசையில் இல்லை. ஐங்கோணம், எழுகோணம், ஒன்பதுகோணம் ஆகியவற்றுக்கு வேறு வகைக் கணக்கு தேவைப்பட்டது. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி, விட்டம் 120000 அலகு கொண்ட வட்டத்துக்குள் அமையும் ஒழுங்குப் பலகோணங்களின் பக்க அளவுகளை முக்கோணம் முதல் ஒன்பதுகோணம் வரை வரிசையாகத் தருகிறது; எண்கோணத்துக்கு அது தரும் 45922 மிகச் சரியானது, எழுகோணத்துக்குத் தரும் 52055 உண்மையான அளவைவிடச் சற்றே குறைவு. எழுகோணத்தைக் கோலும் கவராயமும் மட்டும் கொண்டு துல்லியமாக வரையவே இயலாது என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்ட்செல் 1837இல் வெளியிட்ட ஆய்வின் வழியே உலகம் உறுதியாக அறிந்தது.

பிற்காலப் பாண்டியர், விஜயநகர, நாயக்கர் காலங்களில் தூண் நீண்டது; ஒரு கட்டு இருந்த இடத்தில் இரண்டு கட்டுகளும் மூன்று சதுரங்களும் வந்தன. சதுரம் கட்டாக மாறும் இடத்தில், வெட்டப்பட்ட மூலை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு முக்கோணப் பரப்பு எஞ்சுகிறது. அதை வெறுமையாக விடாமல் படமெடுத்த பாம்பின் வடிவில் செதுக்கினர், அதுவே நாகபந்தம். மேலே செல்லச் செல்ல உருண்ட குடமும், அதன்மேல் மீண்டும் சதுரமான பலகையும், அதன்மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும் அமைகின்றன. 16ஆம் நூற்றாண்டில் அரியநாத முதலியார் எடுப்பித்ததாகக் கூறப்படும் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருக்கும் 985 தூண்களினூடே நடப்பவர், சிற்பங்களை மட்டும் பார்த்துத் திரும்பாமல் ஒரு தூணின் அடியிலிருந்து தலை வரை முகங்களை எண்ணிக்கொண்டே போனால், சதுரமும் பட்டையும் வட்டமும் மாறி மாறி வரும் ஒழுங்கைக் கண்டுகொள்ளலாம்.

விமானங்களையும் இதே மூன்று உருவங்களால் வகுத்தனர். கழுத்தும் சிகரமும் சதுரமானால் நாகரம், எண்பட்டையோ அறுபட்டையோ ஆனால் திராவிடம், வட்டமானால் வேசரம் என்பது தென்னாட்டு நூல்களின் கொள்கை. மதுரைக்கு வடக்கே அழகர்கோயிலில் பரமசுவாமியின் விமானம் வட்ட வடிவினது. வேசரத்தைப் படத்தில் பார்ப்பதைவிட அங்கே சென்று பார்ப்பது மேல்.

சதுரத்திலிருந்து வட்டத்துக்கு எண்கோணத்தின் வழியாகச் செல்வது கல்தச்சருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனையில், சொர்க்கவிலாசம் எனப்படும் மண்டபத்தின் பெரிய குவிமாடம், ஏறத்தாழ 64 அடி பக்கமுள்ள ஒரு சதுரத்தைச் சூழ நிற்கும் 12 தூண்களின்மேல் எழுகிறது. சதுரத்தின்மேல் வட்டமான மாடத்தை நேரடியாக உட்கார வைத்தால் நான்கு மூலைகளும் தாங்கலின்றி வெறுமையாகிவிடும். ஆகவே தூண்களை வளைவுகளால் இணைத்தபின், நான்கு மூலைகளுக்கும் குறுக்கே மேலும் நான்கு வளைவுகளை எழுப்பிச் சதுரத்தை எண்கோணமாக்கி, அந்த எண்கோணத்தின்மேல் மாடத்தை ஏற்றினர். கல்தச்சர் மூலையை வெட்டி நீக்கிப் பெற்ற எண்கோணத்தைக் கொத்தனார் மூலையின் குறுக்கே கட்டிப் பெற்றார். வழி நேரெதிர், உருவம் ஒன்றே.

நகரத்தின் அமைப்புக்கு வரும்போது சதுரம் என்ற பெயரை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியிருக்கிறது. கோயிலுக்குள் ஆடி வீதிகள், வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதையடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள் என்று ஒன்றையொன்று சூழ்ந்த வீதிகளைக் கொண்ட மதுரையைச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த நகரம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான்கு பக்கங்களும் சமமாகி நான்கு கோணங்களும் செங்கோணமானால்தான் அது சதுரம். கோணங்கள் மட்டும் செங்கோணமானால் செவ்வகம். பக்கங்கள் மட்டும் சமமானால் சாய்சதுரம். ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் மட்டும் இணையானால் சரிவகம். மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதில் ஏறத்தாழ 847 அடிக்கு 792 அடி. திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. கண்ணுக்குச் சதுரமாகத் தெரியும் இவை இரண்டும் அளவுக் கணக்கில் சதுரம் ஆவதில்லை. வீதிகளைப் பொறுத்தவரை, வெளியே போகப்போக ஒழுங்கு தளர்ந்து, பொதுவான நாற்கரம் என்று சொல்லத்தக்க நிலையை அடைகிறது. வெளி வீதிகள் பழைய கோட்டையின் மதிலையும் அகழியையும் ஒட்டி உருவானவை. 1830களிலும் 1840களிலும் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரித்தார். அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் அந்த வட்டாரத் தெருக்களுக்கு இன்றும் வழங்குகின்றன.

வீட்டு மனையோ கோயில் மனையோ வகுப்போர் இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொண்ட முறை எளியது. சங்கு என்னும் முளையைத் தரையில் நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, காலையிலும் மாலையிலும் முளையின் நிழல்முனை வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்துக் கிழக்குமேற்குக் கோட்டைப் பெற்றனர். மனையின் நான்கு மூலைகளையும் குறித்தபின் இரு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து பார்த்தால் போதும். எதிர்ப்பக்கங்கள் சமமாயிருக்கும் நாற்கரத்தில் மூலைவிட்டங்களும் சமமானால் கோணங்கள் செங்கோணமாகத்தான் இருக்க முடியும். கட்டடத்துக்கு வானம் தோண்டுமுன் கொத்தனார்கள் இன்றும் செய்யும் சோதனை இதுவே.

வயல்வெளியில் இந்த வசதி இல்லை. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளில் கண்மாய்க் கரையும் வாய்க்காலும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி வளைகின்றன. வரப்பு அவற்றைப் பின்பற்றுகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் வந்தபின் நன்செய் விரிந்தபோதும் புதிய வாய்க்கால்கள் தரையின் சரிவையே கேட்டு நடந்தன. ஆகவே வயல் என்பது பெரும்பாலும் ஒழுங்கற்ற பலகோணம். பழைய தமிழ்க் கணக்கில் ஒரு கோல் பக்கமுள்ள சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கோலின் நீளமோ ஊருக்கு ஊர் மாறியது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலத்துக்கென்று தனிப்பகுதி வகுத்திருப்பதே, பரப்புக் கணக்கு எத்துணை அன்றாடத் தேவையாக இருந்தது என்பதைக் காட்டும்.

நாற்கர வயலுக்கு உலகின் பல பகுதிகளிலும் வழங்கிய பழைய முறை, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி அவ்விரு பாதிகளையும் பெருக்குவது. 628இல் பிரம்மகுப்தர் இதைத் தோராயமான பரப்பு என்றே குறித்தார். செவ்வகத்துக்கு இம்முறை சரியான விடை தரும். வேறு எந்த நாற்கரத்துக்கும் உண்மையைவிட மிகுந்த விடையே தரும், ஒருபோதும் குறைந்த விடை தராது. பக்கம் பத்துக் கோல் கொண்ட சதுர வயல் 100 குழி. அதே பத்துக் கோல் பக்கங்களோடு 30 பாகைக்குச் சாய்ந்துபோன சாய்சதுர வயல் 50 குழிதான். தோராய முறையோ இரண்டுக்கும் 100 என்றே சொல்லும். பரப்பைக் கொண்டு வரி விதிக்கும் நாட்டில் இப்பிழை முழுவதும் உழுதவர் தலையில்தான் விழும். பக்கங்களின் நீளத்தை மட்டும் அறிந்து நாற்கரத்தின் பரப்பைச் சொல்ல இயலாது, மூலைவிட்டமோ குத்துயரமோ தெரிந்தாக வேண்டும் என்று பாஸ்கரர் கடுமையான சொற்களில் வலியுறுத்தியது வெறும் ஏட்டுச் சண்டையன்று. மூன்று பக்கங்கள் முக்கோணத்தை முழுவதும் உறுதி செய்துவிடும். நான்கு பக்கங்கள் நாற்கரத்தை உறுதி செய்யா. பலகோணங்களுள் முக்கோணம் தனி இடம் பெறுவது இதனால்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த நில அளவை இந்த உண்மையின் மீதே நின்றது. 1794இல் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியால் வயலின் மூலைக்கு மூலை அளந்து, வயலை முக்கோணங்களாகப் பிரித்து, வளைந்த வரப்பின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்துத் தொலைவைக் குறித்துக்கொள்வது மாகாணம் முழுவதும் வழக்கமாயிற்று. எத்தனை பக்கமுள்ள பலகோணமாயினும், அந்த எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் வருவதே அதைப் பிரிக்கத் தேவையான முக்கோணங்களின் எண்ணிக்கை. ஏழு மூலை வயல் ஐந்து முக்கோணங்களாகும். கிணற்றுமேடோ கோயில் நிலமோ உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் வயலின் ஒரு கோணம் 180 பாகையைத் தாண்டி, அது குழிவுப் பலகோணம் ஆகிவிடும். அப்போது சில மூலைவிட்டங்கள் அடுத்தவர் நிலத்தின் வழியே ஓடும் என்பதால், எந்த மூலைகளை இணைப்பது என்பதை அளப்பவர் தேர்ந்தே செய்ய வேண்டும். 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நிலம் வாங்குவோரும் பாகப்பிரிவினை செய்வோரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கும் எஃப்எம்பி எனப்படும் புல அளவை வரைபடத்தில் வயலுக்குள் ஓடும் கோடுகள் அந்த முக்கோணங்களின் பக்கங்களே. வரப்பு அழிந்தாலும் அவற்றைக் கொண்டு எல்லைக் கல்லை மீண்டும் அதே இடத்தில் நட முடியும்.

கல்தச்சர் மரபும் நின்றுவிடவில்லை. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குப் பகுதியில் உள்ள வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றிச் சிதைந்தபின், புதிய தூண்களுக்கான கற்கள் நாமக்கல் மாவட்டத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுவரப்பட்டன. அந்தப் பணியும் சதுரக் கல்லில்தான் தொடங்கியது.

இத்தனையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, மதுரை மாவட்டத்து மாணவர் பலகோணத்தைக் கரும்பலகைப் படமாக மட்டும் கற்றுப்போவது பெரும் இழப்பு. வடிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை அளவுநாடாவோடு ஒரு மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு தூணின் கட்டில் எட்டு முகங்களையும் அளந்து அது ஒழுங்கு எண்கோணமா என்று மாணவர்களையே சொல்லச் செய்ய வேண்டும். பிறகு உள்ளூர் வயல் ஒன்றின் எஃப்எம்பி நகலைக் கொடுத்து அதன் முக்கோணங்களை எண்ணிப் பரப்பைக் கணக்கிடச் செய்ய வேண்டும்.